டெட்ராய்ட்டின் தெருச் சங்கங்களும் நம் காம்பவுண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சார், ஆறு மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், பொதுக்குழுவில் இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நயாகராவைப் பற்றிப் போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். போட்டோக்களும் வாட்ஸ்அப் குழுவில் போதுமான அளவு வந்துவிட்டன. அதனால் நான் டெட்ராய்ட் நகரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. இன்றைய பொருள்நிரலில் ஏழாவது விஷயம் என்ன என்று பாருங்கள். காம்பவுண்டுக்கு வெளியே உள்ள தெருவுக்காகச் சங்கப் பணத்தைச் செலவு செய்யலாமா, கூடாதா என்பது. டீ குடித்துவிட்டு வந்ததும் அதில் கை தூக்கப் போகிறோம். தூக்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மறைமலை நகரில் குடியிருக்கும் நமக்கு டெட்ராய்ட் ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. ஃபோர்டு கம்பெனியின் தலைமையகம் டெட்ராய்ட்டை ஒட்டியிருக்கும் டியர்பார்ன் என்ற ஊரில்தான் இருக்கிறது. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அவர்கள் அறிவித்தார்கள். நம் ஊர் ஆலையில் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. 2024-ல் மறுபடியும் ஆலையைப் பயன்படுத்தப்போவதாகச் செய்தி வந்தது, சந்தோஷம். ஆனால் நடுவிலே இந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். எத்தனை வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை தொங்கியது, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறினார்கள், மெஸ் வைத்திருந்தவர்கள், வேன் ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நமக்கு அது ஒரு ஆலை. டெட்ராய்ட்டில் அதே கதை ஆலைக்கு மேல் ஆலையாக ஐம்பது, அறுபது வருடம் நடந்தது.

வரவு குறைந்தது, செலவு குறையவில்லை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்தவனுக்கு அதுதான் வரும்.

1913-ல் ஹென்றி ஃபோர்டு, டெட்ராய்ட்டுக்கு நடுவிலேயே தனி ஊராக இருக்கும் ஹைலேண்டு பார்க்கில், நகரும் பட்டையில் காரைக் கோக்கும் முறையைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே நாளொன்றுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் அது ஏறக்குறைய இரட்டைச் சம்பளம். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 1950 கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். 2010-ல் 7.14 லட்சம். 2020-ல் 6.39 லட்சம். மூன்று பேர் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒருவர்.

ஏன் போனார்கள்? ஒரே காரணம் இல்லை. 1950-களிலேயே கம்பெனிகள் புதிய ஆலைகளை நகருக்கு வெளியே கட்ட ஆரம்பித்துவிட்டன. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஆலைகளோடு சேர்ந்து புறநகருக்குப் போயின. கறுப்பினக் குடும்பங்கள் அப்படிப் போக முடியவில்லை. அவர்கள் வசித்த பகுதிகளைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு, இங்கே வீட்டுக் கடன் ஆபத்து என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கவுண்டருக்கு உள்ளே முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். கடன் விண்ணப்பத்தில் ஆளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து முடிவு எடுத்தால் ஒரு தெரு என்ன ஆகும் என்பது அந்த ஊரைப் பார்த்தபோது நன்றாகப் புரிந்தது. 1967 ஜூலையில் நடந்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். அதன்பிறகு வெளியேற்றம் இன்னும் வேகமானது. பின்னால் எண்ணெய் விலை ஏற்றம், ஜப்பான் கார்களின் போட்டி என்று வரிசையாக வந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆட்கள் போனார்கள், ஊரின் அளவு குறையவில்லை. டெட்ராய்ட்டின் பரப்பு சுமார் 360 சதுர கிலோமீட்டர். 2011-க்கு முந்தைய பழைய சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்கு. 18 லட்சம் பேருக்காகப் போட்ட சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு வரி கட்டுகிறவர்கள்தான் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டார்கள்.

நம் சங்கத்தை வைத்தே சொல்கிறேன். உதாரணத்துக்கு 100 ஃப்ளாட் இருக்கிறது, ஒவ்வொருவரும் மாதம் 3,000 ரூபாய் மெயின்டனன்ஸ் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3 லட்சம். அதில் முப்பது வீட்டுக்காரர்கள் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் குறைந்த தூரமா ஓடப்போகிறது? வாட்ச்மேன் பாதி ராத்திரியோடு வீட்டுக்குப் போவாரா? செலவு அதே 3 லட்சம்தான். மீதி எழுபது வீட்டுக்காரர்கள் ஆளுக்கு 4,300 ரூபாய் வரை கொடுக்க வேண்டும். கட்டணம் ஏறியதும் இன்னும் பத்துப் பேர் வீட்டை விற்றுவிட்டுப் போவார்கள். மீண்டும் ஏறும். டெட்ராய்ட்டுக்கு நடந்தது இதுதான்.

கடைசியில் 2013 ஜூலை 18-ஆம் தேதி டெட்ராய்ட் மாநகராட்சி திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்காவில் அதுவரை இவ்வளவு பெரிய நகரம் எதுவும் திவால் ஆனதில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பே மாநில அரசு ஒரு அவசரகால நிர்வாகியைப் போட்டு, ஓட்டு வாங்கி வந்த மேயரின் அதிகாரத்தையும் கவுன்சிலின் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்திருந்தது. திவால் தீர்வில் மாநகராட்சிப் பொதுப் பிரிவு ஓய்வூதியர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டினார்கள், விலைவாசிப்படி உயர்வையும் நிறுத்தினார்கள். இங்கே பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். நமக்குப் பஞ்சப்படியே இனி கிடையாது என்று ஒருநாள் காலையில் கடிதம் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த 2013-ல் நகரத்தில் இருந்த சுமார் 88,000 தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை. செம்புக் கம்பியைத் திருடர்கள் உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஒரு தெரு, ஒரு சங்கம்

என் மகள் இருப்பது டெட்ராய்ட்டுக்கு வெளியே நோவை என்ற ஊரில். நம் ஜனங்கள் பெரும்பாலும் அப்படிப் புறநகரில்தான் இருக்கிறார்கள். நகரத்துக்குள்ளே போக வேண்டும் என்று நான் சொன்னதும் மருமகன் கொஞ்சம் தயங்கினார். "மாமா, ஏதாவது மால் பக்கம் போகலாமே" என்றார். இரண்டு மூன்று சனிக்கிழமை வற்புறுத்தித்தான் கூட்டிக்கொண்டு போகச் செய்தேன்.

ஒரு தெருவில் பத்து மனையில் நாலு வீடுதான் நிற்கிறது. மற்றவை இடிக்கப்பட்டு வெறும் புல்தரை. அடுத்த தெருவும் அதே மாதிரி பாதி காலிதான், ஆனால் புல் வெட்டியிருக்கிறது, திண்ணையில் பூந்தொட்டி இருக்கிறது, தெருமுனையில் ஒரு சின்னப் பலகை நிற்கிறது. அதில் அந்தத் தெருவின் 'பிளாக் கிளப்' பெயர் எழுதியிருக்கிறது. இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்காரர்கள் சேர்ந்த சங்கம் அது. நம் அசோசியேஷன் மாதிரிதான். காம்பவுண்டு சுவர் மட்டும் கிடையாது. இந்தத் தெருச் சங்க வழக்கத்துக்கு அந்த ஊரில் நூறு வருடத்துச் சரித்திரம் இருக்கிறது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்களை ஒன்று சேர்க்க இப்படிப்பட்ட சங்கங்கள் பெரிதும் உதவின.

அவர்கள் செய்யும் வேலைகளில் கண்ணைக் கவரும்படி எதுவும் இல்லை. காலி மனையில் புல் வெட்டுகிறார்கள். இருட்டுத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் திண்ணை விளக்கை விடியும் வரை எரிய விடுகிறார்கள். தனியாக இருக்கும் கிழவரின் வீட்டுக் கதவு காலையில் திறந்ததா என்று பார்க்கிறார்கள். காலி வீட்டு வாசலில் விளம்பர நோட்டீஸ்கள் சேராமல் எடுத்துவிடுகிறார்கள். சேர்ந்தால், உள்ளே ஆள் இல்லை என்பது திருடனுக்குத் தெரிந்துவிடும். பூங்காக்களுக்கு மாநகராட்சி ஆள் வருவது நின்றுபோனபோது, 2010-லிருந்து புல்வெட்டும் இயந்திரத்தோடு கிளம்பிப் போய்ப் பிள்ளைகள் விளையாடும் மைதானங்களைச் சுத்தம் செய்கிற ஒரு தன்னார்வக் குழுவும் அங்கே உண்டு.

மாநகராட்சியின் நில வங்கி என்று ஒன்று இருக்கிறது. நம் மாதிரி வங்கி இல்லை, கைவிடப்பட்ட மனைகளை வைத்திருக்கும் அமைப்பு. நம் வீட்டுக்குப் பக்கத்து மனை காலியாக இருந்து, அது நில வங்கியிடம் இருந்தால், 100 டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம். காலி மனையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார் என்பது அதன் நியாயம். பலர் வாங்கித் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

தோட்டம் என்றதும் இன்னொன்று. 2006-ல் தொடங்கிய ஒரு கறுப்பின உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ரூஜ் பார்க் என்ற பெரிய பூங்காவுக்குள் 7 ஏக்கரில் 'டி-டவுன்' என்ற பண்ணையை நடத்துகிறது. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்து, 2024-ல் உறுப்பினர்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரு கூட்டுறவு மளிகைக்கடையும் திறந்தார்கள். நல்ல காய்கறி கிடைக்கவில்லை என்று புலம்பிய இடத்திலிருந்து கூட்டுறவுப் பண்டகசாலை வரைக்கும் வந்து சேர ஏறக்குறைய பதினெட்டு வருடம். பொறுமை வேண்டியிருக்கிறது.

தீ வைக்கும் ராத்திரி

அக்கம்பக்கத்தார் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் சொல்லும் பெரிய உதாரணம் அக்டோபர் 30-ஆம் தேதி ராத்திரி. ஹாலோவீனுக்கு முந்தைய ராத்திரி. பிள்ளைகள் குறும்பு செய்யும் ராத்திரியாக இருந்தது, டெட்ராய்ட்டில் காலி வீடுகளுக்குத் தீ வைக்கும் ராத்திரியாக மாறிவிட்டது. 1984-ல் அந்த மூன்று நாட்களில் 800-க்கும் மேற்பட்ட இடங்களில் தீ. வேடிக்கை பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்களாம்.

1995-ல் அப்போதைய மேயர் டென்னிஸ் ஆர்ச்சர் பொதுமக்களைக் கூப்பிட்டார். பேயின் ராத்திரி என்ற பெயரை மாற்றித் தேவதைகளின் ராத்திரி என்றார்கள். பல்லாயிரம் பேர் பதிவு செய்துகொண்டு, காரில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவரவர் பகுதியைச் சுற்றி வந்தார்கள். சிலர் காலி வீட்டுக்கு எதிரே தங்கள் திண்ணையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தீ சட்டென்று குறைந்தது. வருடா வருடம் செய்தார்கள். கடைசியில் ரோந்தே தேவையில்லை என்று நிறுத்துகிற நிலைமை வந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். ஜனங்கள் மட்டும் அதைச் செய்யவில்லை. போலீசும் தீயணைப்புத் துறையும் கூடவே இருந்தன. சிறுவர்களுக்கு ஊரடங்கு இருந்தது, கேனில் பெட்ரோல் விற்கத் தடை இருந்தது. அரசாங்கம் தன் பங்கைச் செய்தது, தெருவும் தன் பங்கைச் செய்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பலன்.

எண்ணிப் பார்த்தவர்கள்

என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. திவால் ஆன அந்தச் சமயத்தில், எத்தனை வீடு காலி, எத்தனை வீடு இடிந்து கிடக்கிறது, எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று நம்பும்படியான ஒரு கணக்கே இல்லை. 2013–14 பனிக்காலத்தில் அந்த ஊர்வாசிகளையே வேலைக்குச் சேர்த்து, சின்னச் சின்னக் குழுக்களாகக் காரில் அனுப்பி, ஒவ்வொரு மனைக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்து, நிலைமையைக் குறித்து, டேப்லெட்டில் பதிவு செய்ய வைத்தார்கள். சுமார் 3.8 லட்சம் மனைகள். அந்தக் குளிர் எப்படி என்று எனக்கு ஓரளவு தெரியும், நவம்பரிலேயே என் காது மரத்துவிட்டது.

முடிவில், கிட்டத்தட்ட 84,000 கட்டடங்களும் மனைகளும் பாழ்பட்டவை அல்லது பாழ்படப் போகிறவை என்று தெரிந்தது. அதில் 40,000 கட்டடங்களை உடனே இடிக்க வேண்டும் என்றார்கள். எந்தத் தெரு, எந்த எண் என்பது வரைக்கும் பட்டியல் இருந்தது. வங்கியில் ஸ்டாக்கை நேரில் போய்ச் சரிபார்ப்பது என்போமே, அதேதான். லெட்ஜரில் இருப்பது வேறு, குடோனில் இருப்பது வேறு. போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தெருவிளக்கும் அப்படித்தான் சரியானது. விளக்குக்கென்று தனி ஆணையம் அமைத்து, பகுதி பகுதியாகத் திட்டம் போட்டு, 2016 டிசம்பருக்குள் 65,000 எல்.இ.டி. விளக்குகளைப் போட்டு முடித்தார்கள். திண்ணை விளக்கு அதுவரைக்கும் தாங்கிப் பிடித்தது. ஆனால் திண்ணை விளக்கால் தெருவிளக்கு ஆக முடியாது.

புல் வெட்டினால் மட்டும் போதாது

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

நம்மில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, "வீட்டு வரி கட்டுகிறோம், நகராட்சி செய்யட்டும், நாம் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?" என்கிறது. இன்னொரு கட்சி, "நகராட்சியை நம்பி என்ன ஆகப்போகிறது? நாமே பணம் போட்டு முடித்துவிடலாம்" என்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. டெட்ராய்ட்டில் முதல் கட்சி மட்டும் இருந்திருந்தால் இன்று அந்தத் தெருக்கள் இருந்திருக்காது. இரண்டாவது கட்சி மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதையும் சொல்கிறேன்.

டெட்ராய்ட்டில் வீட்டு விலை சரிந்த பிறகும் வரி மதிப்பீட்டைப் பல வருடம் மாநகராட்சி சரியாகக் குறைக்கவில்லை. சட்டப்படி, சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் மதிப்பிடக் கூடாது. 2020-ல் அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது. 2010-லிருந்து 2016 வரை வீட்டுக்காரர்களிடம் குறைந்தபட்சம் 60 கோடி டாலர் கூடுதலாக வரி விதித்திருக்கிறார்கள் என்று எழுதியது. வரி பாக்கிக்காக வீடுகள் ஏலத்துக்குப் போயின. பிளாக் கிளப்பில் இருபது வருடம் புல் வெட்டியவரின் வீடும் அதில் போயிருக்கலாம். தெரு சுத்தமாக இருக்கும், வீடு கையை விட்டுப் போயிருக்கும்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், வறிய குடும்பங்களுக்கு வரி விலக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் விண்ணப்பிக்கும் வழி சுலபமாக இல்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கவுண்டருக்கு வெளியே நின்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சலானை எப்படி நிரப்புவது என்று தவிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் இருக்கும், உரிமை இருக்கும், படிவம் தடுத்துவிடும்.

அப்போதுதான் குடியிருப்போர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. மார்னிங்சைட் என்ற பகுதியின் சமூக அமைப்பு முதல் மனுதாரர். கூடவே பிரைட்மோர், ஓக்மன் பூலவார்டு, ரஸல் வுட்ஸ் ஆகிய பகுதிகளின் சங்கங்கள். 2016-ல் வழக்குப் போட்டார்கள். 2018-ல் மாநகராட்சியோடு சமரசம் ஏற்பட்டது. விலக்குக்கு விண்ணப்பிக்கும் முறையை எளிதாக்க மாநகராட்சி ஒப்புக்கொண்டது. விலக்குக்குத் தகுதி இருந்தும் வீட்டை இழக்கும் நிலையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் 1,000 டாலர் கொடுத்து வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளவும் வழி கிடைத்தது. நம்மைப் போன்ற ஒரு சங்கம்தான் இதைச் செய்தது என்பதை நினைவில் வையுங்கள். சந்தா வசூலித்து, கூட்டம் போட்டு, மினிட்ஸ் எழுதி, போன கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ளும் சங்கம்.

அதே 2016 நவம்பரில் ஓட்டுப் போட்டு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தார்கள். 7.5 கோடி டாலருக்கு மேல் முதலீட்டில் ஒரு பெரிய கட்டடத் திட்டம் வந்து, அதற்கு மாநகராட்சி 10 லட்சம் டாலருக்கு மேல் சலுகையோ நிலமோ கொடுத்தால், கட்டுகிறவர் சுற்றுப்புறவாசிகள் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒன்பது பேர் குழு. அதில் குடியிருப்பவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இரண்டே பேரைத்தான். மற்றவர்களை அதிகாரிகளும் கவுன்சிலர்களும் நியமிக்கிறார்கள். இது போதாது என்று அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மேஜை கிடைத்திருக்கிறது, நாற்காலி எத்தனை என்பதில்தான் சண்டை.

அந்த ஊரில் கிரேஸ் லீ பாக்ஸ் என்று ஒரு அம்மையார் இருந்தார். சீன வம்சாவளி, தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கணவர் ஜேம்ஸ் பாக்ஸ் கார் ஆலைத் தொழிலாளி. 1992-ல் இருவரும் மற்ற நண்பர்களோடு சேர்ந்து 'டெட்ராய்ட் சம்மர்' என்று இளைஞர்களுக்கான ஒரு திட்டம் தொடங்கினார்கள். விடுமுறையில் தோட்டம் போடுவது, சுவரில் ஓவியம் வரைவது, பெரியவர்களோடு உட்கார்ந்து ஊரைப் பற்றிப் பேசுவது. அந்த அம்மையார் 100 வயது வரை வாழ்ந்து 2015-ல் இறந்தார். கடைசி வரையில் அதே வீடு, அதே தெரு.

இத்தனைக்கும் பிறகு டெட்ராய்ட் பணக்கார ஊராகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஏழ்மை இன்னும் அதிகம். ஆனால் 1957-க்குப் பிறகு முதல் முறையாக, 2023-ல் மக்கள்தொகை மதிப்பீடு சற்றே கூடியிருக்கிறது. 1988-லிருந்து பாழடைந்து கிடந்த பெரிய ரயில் நிலையத்தை ஃபோர்டு கம்பெனி வாங்கிப் புதுப்பித்து 2024-ல் திறந்தது. பெரிய முதலாளி திரும்பி வந்தார், நல்லது. அவர் திரும்பி வரும்வரைக்கும் அந்தத் தெருவில் விளக்கேற்றி வைத்திருந்தது யார் என்பதுதான் என் கேள்வி.

ஏழாவது விஷயம்

நம் பின்பக்க கேட்டைத் திறந்தால் இருக்கும் தெருவை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். கம்பம் இருக்கிறது, விளக்கு எரிவது பாதிதான். அந்தத் தெரு வழியாகத்தான் ஷிஃப்ட் முடிந்து பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாக்களும், இஸ்திரி போடும் தம்பியும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். வேலை போனவர்களும் அங்கே இருக்கிறார்கள். "நம் பிள்ளை காரில் வருகிறான், நமக்கென்ன" என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் போன இரண்டு கூட்டத்தில் இந்த விஷயத்தைத் தள்ளி வைத்ததற்கு அதுதான் அர்த்தம் என்று அந்தத் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டால், அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது.

என் யோசனை மூன்று. மூன்றும் சிறியவை.

ஒன்று, பின்பக்கச் சுவரில் தெருவைப் பார்த்த மாதிரி நாலு விளக்கு போடுவோம். சுவர் நம்முடையது, மின்சாரம் நம் மீட்டர், வெளிச்சம் தெருவுக்கு. இதற்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வைத்து, தனித் தலைப்பில் கணக்கு எழுதுவோம். பொருளாளர் அம்மாவுக்கு அந்தக் கணக்கை எழுத நான் உதவுகிறேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவு செய்வதாக இருந்தாலும் மறுபடி பொதுக்குழுவைக் கேட்க வேண்டும். சங்கப் பணம் ஒழுகிவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்தப் பூட்டு போதும்.

இரண்டு, நகராட்சி செய்ய வேண்டிய வேலையை நாம் செய்யக் கூடாது, கேட்க வேண்டும். கேட்பதற்குக் கணக்கு வேண்டும். எந்தக் கம்பம், என்ன எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, எப்போது புகார் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டுப் போடுவோம். நம்மில் இரண்டு பேர், அந்தத் தெருவில் இரண்டு பேர், வாரம் ஒருநாள் ராத்திரி நடந்து போய்க் குறித்தால் போதும். நம் மாநிலத்தில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கின. வார்டுக்குள் நம் பகுதிக்கென்று உள்ள அந்தச் சபாவுக்கு நாம் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று நான் கேட்கப் போவதில்லை. அடுத்ததற்கு ஐந்து பேர் போவோம், நோட்டோடு போவோம். "ரொம்ப நாளா லைட் எரியலை சார்" என்று சொன்னால் அதிகாரி தலையாட்டுவார். "பதினேழாம் நம்பர் கம்பம், மூன்று முறை புகார், ஒப்புகைச் சீட்டு இதோ" என்றால் பேனாவை எடுப்பார். எந்த ஆபீசிலும் இது உண்மை. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, இதே ஹாலில் ஒரு மேஜை போடுவோம். வீட்டு வரிப் பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு, பி.எஃப்., எந்தப் படிவமாக இருந்தாலும் நிரப்பித் தருவோம். நம் ஃப்ளாட்காரர்களுக்கும், பின்தெருக்காரர்களுக்கும். இந்த ஹாலில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார், மின்வாரியத்தில் இருந்தவர் இருக்கிறார், எல்.ஐ.சி.யில் இருந்தவர் இருக்கிறார். எழுத்து வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் நாம். இதற்குச் சங்கத்துக்கு ஒரு செலவும் இல்லை, கொஞ்சம் டீ மட்டும்.

நாளைக்கே நம் ஊருக்கும் பெரிய கஷ்டம் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆலை திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். அது நம் கையில் இல்லை. அப்படி மூடுகிற ஒரு நாளில், பின்தெருக்காரர் முகம் நமக்குத் தெரியுமா, நம் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் ஆபத்து வந்த அன்றைக்குப் போய்ச் சங்கம் அமைக்க முடியாது. டெட்ராய்ட்டில் 2013-ல் நகரமே திவால் ஆனபோது தாங்கி நின்ற தெருக்கள், அதற்கு முப்பது நாற்பது வருடம் முன்பிருந்தே கூடிப் பேசிக்கொண்டிருந்த தெருக்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு வாருங்கள், ஏழாவது விஷயத்துக்குக் கை தூக்குங்கள். தூக்குகிற கைகளில் இரண்டு பேர் மட்டும் இந்த வார ராத்திரி நடைக்கு என்னோடு வாருங்கள். டார்ச் நான் கொண்டுவருகிறேன்.